பேசாத பூனையும் பேசத் தெரியாத நானும்

(மூன்றாம் ஆண்டு, இளங்கலை வரலாறு)

இளமையில் கதை கேட்டு வளராதவர் எவரேனும் உண்டா? சிலருக்குப் பாட்டி கதை சொல்லியிருப்பார். சிலருக்கு ஆரம்பப் பள்ளி ஆசிரியர் சொல்லியிருப்பார். எங்கள் வீட்டில் கதை சொன்னது ஒரு பெட்டி. தமிழ்நாடு அரசு 2006ஆம் ஆண்டு தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தில், 2010இல் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்த 14 அங்குலப் பெட்டி அது. அப்போது எனக்கு வயது 5, அக்காவுக்கு 9.

அந்தப் பெட்டி சொன்ன கதைகளிலேயே எங்களுக்கு மிகவும் பிடித்தது, ஒரு பூனையும் ஓர் எலியும் ஓயாமல் சண்டையிட்ட கதை. ஆம், 'டாம் அண்ட் ஜெர்ரி'தான்! "ஆய்வும் கவிதையும் இடம்பெற வேண்டிய ஆண்டு மலரில் பூனைக்கும் எலிக்கும் என்ன வேலை?" என்று பேராசிரியப் பெருமக்கள் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. ஆயினும் சென்ற தீபாவளி விடுமுறையில் அந்தப் பூனையையும் எலியையும் ஒரு புதிய திரைப்படத்தில் மீண்டும் சந்தித்தேன். அந்தச் சந்திப்பு என்னைப் பற்றிய ஓர் உண்மையை எனக்கே எடுத்துக் காட்டிவிட்டது. அதனால்தான் எழுதுகிறேன்.

என் அக்காவுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. இரக்கம் வேண்டி இதைச் சொல்லவில்லை. அவளும் இரக்கத்தை விரும்புகிறவள் அல்லள். சொல்லப்போகும் செய்தி முழுவதும் இதைச் சார்ந்தே நிற்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

தறியும் தொலைக்காட்சியும்

எங்கள் ஊர் ஆரணி. பட்டு நெசவுக் குடும்பம். வீட்டின் முன்கூடத்தில் பாதியைக் குழித்தறி பிடித்துக்கொள்ளும். மீதிப் பாதியில்தான் நாங்கள் நால்வரும் உண்பதும் உறங்குவதும் படிப்பதும். தறிக்கு எதிர்ச் சுவரில் பலகை அடித்து அப்பா பெட்டியை வைத்தார்.

தறி ஓடும் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. நாடா ஓடும் சத்தமும் பலகை அடிக்கும் சத்தமும் சேர்ந்தால் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காது, தொலைக்காட்சி எம்மாத்திரம்? அம்மா தொடர் நாடகம் பார்க்க உட்கார்வாள். கதாநாயகி கண்ணீர் விட்டு ஏதோ சொல்வாள். என்ன சொன்னாள் என்பது தறிக்கு அடியில் போய்விடும். "கொஞ்சம் நிறுத்துங்களேன்" என்பாள் அம்மா. "நிறுத்தினால் சோறு யார் போடுவது?" என்பார் அப்பா. அந்த வகையில் எங்கள் வீட்டில் எல்லோருமே பாதிச் செவிடர்கள்தாம்.

டாமும் ஜெர்ரியும் வந்தால் மட்டும் இந்தத் தொல்லை இல்லை. அவர்கள் பேசுவதில்லை. பேசினாலும் எங்கோ ஓரிரு சொற்கள். அவற்றை விட்டுவிட்டாலும் கதை விட்டுப்போவதில்லை. அப்பா தறியை நிறுத்த வேண்டியதில்லை. அம்மா கோபித்துக்கொள்ள வேண்டியதில்லை. அக்கா யாருடைய முகத்தையும் திரும்பிப் பார்த்து "என்ன?" என்று கேட்க வேண்டியதில்லை. நான் சிரிக்கும் அதே நொடியில் அவளும் சிரிப்பாள். பல நேரங்களில் என்னைவிட அரை நொடி முந்திக்கொள்வாள்! பூனையின் வால் துடிப்பதையும், அதன் கண் ஓரமாய்ச் சாய்வதையும் கண்டு, அடுத்து என்ன நடக்கப் போகிறது என்று அவளுக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும்.

அவளுக்கு ஒரு பழக்கம் இருந்தது. படம் ஓடும்போது எழுந்துபோய்ப் பெட்டியின் பக்கவாட்டில், ஒலி வரும் துளைகள் மேல் உள்ளங்கையை வைத்துக்கொள்வாள். டாம் மாடிப்படியில் உருண்டு விழும்போது என்னைப் பார்த்துத் தலையசைப்பாள். 'எனக்கும் தெரிகிறது' என்று அதற்குப் பொருள்.

எங்கள் இருவருக்குள் பெயர்களும் அப்படித்தான் பிறந்தன. என் பெயரை அவளால் சொல்ல முடியாது. ஆகவே இரண்டு கைகளையும் குவித்து இரு காதுகளின் மேல் வைப்பாள். ஜெர்ரியின் பெரிய காதுகள்! அதுவே நான். அவளை அழைக்க நான் கன்னத்தில் மீசை இழுத்துக் காட்டுவேன். அவள் டாம். எங்கள் வீட்டின் ஓட்டப் பந்தயங்கள், ஒளிந்து விளையாட்டுகள், தின்பண்டத் திருட்டுகள் எல்லாம் இந்தப் பெயர்களில்தான் நடந்தன. எங்கள் இருவருக்கும் பொதுவாக இருந்த மொழி அந்தப் படங்களிலிருந்து கிடைத்ததுதான் என்று சொன்னால் மிகையாகாது.

கால்கள் மட்டுமே மனிதர்

கல்லூரிக்கு வந்து வரலாறு படிக்கத் தொடங்கிய பின்னர், எதற்கும் ஒரு தோற்றமும் வளர்ச்சியும் இருக்கும் என்ற எண்ணம் வந்துவிட்டது. ஆகவே அந்தப் பூனை எலியின் வரலாற்றையும் தேடிப் படித்தேன்.

வில்லியம் ஹன்னா, ஜோசப் பார்பெரா என்ற இரு கலைஞர்கள் அமெரிக்காவின் மெட்ரோ கோல்ட்வின் மேயர் படநிறுவனத்தில் வேலை செய்தபோது 1940ஆம் ஆண்டு முதல் படத்தை வெளியிட்டனர். அதில் பூனையின் பெயர் டாம் அன்று, ஜாஸ்பர்! டாம், ஜெர்ரி என்ற பெயர்கள் பிறகு வந்தன. 1958 வரை இவ்விருவரும் 114 குறும்படங்களை உருவாக்கினர். அவற்றுள் 7 படங்கள் ஆஸ்கர் விருது பெற்றன. ஒவ்வொரு படமும் ஏறத்தாழ 7 நிமிடம். திரையில் ஒரு நொடிக்கு 24 சட்டங்கள் ஓடுகின்றன. அப்படியானால் 7 நிமிடத்துக்குப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட சட்டங்கள்! ஒரே ஓவியத்தை இரண்டு சட்டங்களுக்குப் பயன்படுத்துவதும் உண்டு என்றாலும், ஆயிரக்கணக்கான ஓவியங்களைக் கையால் வரைந்தாக வேண்டும்.

இதை அக்காவுக்குச் சொல்லிப் புரியவைக்க நான் சிரமப்படவில்லை. எங்கள் தறியின் மேலே இருக்கும் ஜக்கார்டு பெட்டியைச் சுட்டிக்காட்டினேன். அதில் துளையிட்ட அட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கப்பட்டிருக்கும். ஓர் அட்டை நகர்ந்தால் ஓர் ஊடை இழைக்குரிய பாவு இழைகள் எழும்பும். ஓர் அட்டையைத் தனியே பார்த்தால் வெறும் துளைகள். எல்லா அட்டைகளும் முறையாக நகர்ந்தால் முந்தானையில் மயில் நிற்கும். அக்கா உடனே புரிந்துகொண்டாள். விரல்களால் அட்டை நகர்வதைக் காட்டினாள். பிறகு கன்னத்தில் மீசை இழுத்து, கைகளால் ஓட்டத்தைக் காட்டினாள். அட்டைக்கு அட்டை டாம் ஓடுகிறது என்று பொருள்.

இந்தப் படங்களுக்கு ஸ்காட் பிராட்லி என்பவர் இசையமைத்தார். பூனை ஓர் அடி எடுத்து வைத்தால் வாத்தியமும் ஓர் அடி எடுத்து வைக்கும். 1947இல் வெளிவந்த 'தி கேட் கன்சர்ட்டோ' என்ற படத்தில் டாம் மேடையேறிப் பியானோ வாசிக்கிறது. பியானோவுக்குள் உறங்கும் ஜெர்ரி விழித்துக்கொண்டு அட்டகாசம் செய்கிறது. டாமோ வாசிப்பை நிறுத்த முடியாது. சபையில் மானம் போய்விடும். முடிவில் டாம் களைத்து விழ, கைதட்டலை எலி தட்டிச் செல்கிறது. லிஸ்ட் என்ற ஐரோப்பிய இசைமேதையின் இசை அது என்பது எனக்குப் பின்னாளில்தான் தெரிந்தது. அக்காவுக்கு அந்த இசையின் ஒரு சுரம்கூடக் கேட்டதில்லை. ஆனால் அந்தப் படத்தை எங்கள் வீட்டில் மிகுதியாக ரசித்தவள் அவளே. கேட்க வேண்டியதையெல்லாம் டாமின் தோளிலும் விரலிலும் வியர்வையிலும் அவள் கண்டுகொண்டாள்.

இன்னொன்றையும் இங்கே கூற வேண்டும். அந்தப் பழைய படங்களில் மனிதர்களுக்கு முகமே இல்லை என்று சொல்லிவிடலாம். பெரும்பாலும் முழங்காலுக்குக் கீழே, காலும் செருப்புமாகத்தான் வருவார்கள். எலியின் உயரத்திலிருந்து உலகைப் பார்த்தால் அப்படித்தானே தெரியும்? குறை இல்லாத படங்கள் என்று நான் வாதாட வரவில்லை. அந்தக் கால்களுக்கு உரியவளாகக் காட்டப்பட்ட கறுப்பினப் பணிப்பெண், அக்காலத்து வெள்ளையர் அம்மக்களைப் பற்றி வைத்திருந்த இழிவான எண்ணத்தின் படிவம். அதற்காக அப்படங்கள் பின்னாளில் கடுமையாகக் கண்டிக்கப்பட்டன. சில காட்சிகள் மாற்றப்பட்டன. அது நியாயமே. வரலாற்று மாணவன் தனக்குப் பிடித்ததிலும் கறையைக் காணத் தவறக்கூடாது.

விலகிப் போன வருடங்கள்

அக்கா மாவட்டத் தலைநகரில் இருந்த சிறப்புப் பள்ளியில், விடுதியில் தங்கிப் படித்தாள். அங்கே தமிழ் எழுத்தும், உதடு பார்த்துப் பேச்சை உணரும் பயிற்சியும் கிடைத்தன. தோழியரிடமிருந்து சைகை மொழி கற்றாள். விடுமுறைக்கு வரும்போதெல்லாம் புதிய புதிய சைகைகளோடு வருவாள். வானிலிருந்து மழை கொண்டு வருவதுபோல் ஆவலாகக் கொண்டு வருவாள். நான் நான்கைந்தைக் கற்றுக்கொண்டு, மீதியைப் 'பிறகு பார்க்கலாம்' என்று விட்டுவிட்டேன்.

ஏழாம் வகுப்பில் ஒருநாள். பள்ளி விட்டு நண்பர்களோடு வந்துகொண்டிருந்தேன். எதிரே அம்மாவுடன் அக்கா. என்னைக் கண்டதும் மகிழ்ச்சியோடு இரு கைகளையும் காதுகளின் மேல் குவித்தாள். நண்பர்கள் கொல்லென்று சிரித்தார்கள். "யாருடா அது?" என்றான் ஒருவன். நான் பதில் சொல்லவில்லை. காணாதவன்போல் தலையைத் திருப்பிக்கொண்டு நடந்தேன்.

அதற்குப்பின் அக்கா தெருவில் என்னை அந்தப் பெயரால் அழைத்ததே இல்லை. வீட்டிலும் குறைத்துக்கொண்டாள். நானும் கேட்டுக்கொள்ளவில்லை. பத்தாம் வகுப்பு முடித்து அவள் தறியில் உட்கார்ந்தாள். நான் மேலே படித்தேன். அரசு தந்த பெட்டியும் ஒருநாள் பழுதாகி மூலைக்குப் போயிற்று. எங்களுக்குள் சண்டையில்லை, சச்சரவில்லை, பேச்சும் இல்லை. இழை அறுந்தால் தறியில் உடனே தெரிந்துவிடும். வீட்டில் அப்படித் தெரிவதில்லையே!

புதிய படம்

2021ஆம் ஆண்டு பிப்ரவரியில் 'டாம் அண்ட் ஜெர்ரி' முழுநீளத் திரைப்படமாக வெளிவந்தது. இயக்கியவர் டிம் ஸ்டோரி. தமிழ்க் குரலிலும் வந்தது. ஆனால் பெருந்தொற்றால் நெசவு முடங்கியிருந்த காலம் அது. எங்களுக்குப் படம் பார்க்கும் மனநிலை இல்லை. சென்ற தீபாவளி விடுமுறையில்தான், விடுதியிலிருந்து வீட்டுக்குப் போனபோது, என் கைப்பேசியில் அக்காவும் நானும் அதைப் பார்த்தோம். பல வருடங்களுக்குப் பிறகு இருவரும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார்ந்தோம். தறியை அப்பா நிறுத்தியிருந்தார். பண்டிகை நாள் அல்லவா?

படத்தின் அமைப்பு புதுமையானது. மனிதர்கள் எல்லோரும் உண்மையான நடிகர்கள்; விலங்குகள் எல்லாம் வரைந்த உருவங்கள். நியூயார்க் நகரத்தின் பெரிய ஓட்டல் ஒன்றில் ஜெர்ரி குடிபுகுகிறது. அதே ஓட்டலில் பெரிய திருமணம் ஒன்று நடக்கவிருக்கிறது. மணமகள் இந்திய வம்சாவளிப் பெண். ஆகவே யானைகள்கூட வருகின்றன! பொய் சொல்லி அங்கே வேலையில் சேர்ந்த கெய்லா என்ற பெண், எலியைப் பிடிக்க டாமை அமர்த்துகிறாள். கெய்லாவாகக் குளோயி கிரேஸ் மோரெட்ஸ் நடித்திருக்கிறார்.

தொடக்கத்தில் பூங்கா ஒன்றில் டாம் பியானோக் கட்டைகளை வாசிக்கிறது. அக்காவின் கண்கள் விரிந்தன. சட்டென்று கைப்பேசியின் முதுகில் உள்ளங்கையை வைத்தாள். பிறகு என்னைப் பார்த்துத் தலையசைத்தாள். பதினைந்து ஆண்டுகள் கழிந்தது பொய்யோ என்று தோன்றியது எனக்கு.

ஆனால் அந்த மகிழ்ச்சி நீடிக்கவில்லை. அந்தப் படத்தில் டாமும் ஜெர்ரியும் பேசவில்லை என்பது உண்மையே. 1992இல் வந்த வேறொரு முழுநீளப் படத்தில் இருவரையும் பேசவைத்தார்கள். அந்தத் தவறு இதில் இல்லை. டாமின் அலறலுக்குக்கூட, 2001இல் மறைந்த வில்லியம் ஹன்னாவின் பழைய ஒலிப்பதிவையே பயன்படுத்தியிருக்கிறார்கள். அந்த அளவுக்கு மரபை மதித்தவர்கள்தாம். ஆயினும் மனிதர்களுக்குக் கால்களோடு முகமும், முகத்தோடு வாயும் வந்துவிட்டன. வேலை போய்விடுமோ என்ற கவலை, மேலாளரின் சூழ்ச்சி, மணமக்களின் மனத்தாங்கல் என்று கதை முழுவதும் அவர்கள் வாய்க்குள் குடியேறிவிட்டது. பூனையும் எலியும் தங்கள் படத்திலேயே விருந்தாளிகள் ஆகிவிட்டன.

அக்கா திரையைப் பார்த்தாள்; பிறகு என்னைப் பார்த்தாள். "என்ன சொல்கிறார்கள்?" என்று சைகையால் கேட்டாள்.

அவளுக்கு உதடு பார்க்கத் தெரியுமே என்று நினைத்தேன். மறு நொடியே என் அறியாமை எனக்கு உறைத்தது. அது குரல் மாற்றிய படம். கேட்பது தமிழ், நடிகர்களின் உதடு அசைவதோ ஆங்கிலத்துக்கு! காதுள்ள நமக்கு அது சிறிய இடறல். சற்று நேரத்தில் மறந்துவிடுவோம். உதட்டையே நம்பியிருப்பவளுக்கு அது மூடிய கதவு. நாங்கள் பார்த்த படத்தில் கீழே தமிழ் எழுத்துகளும் ஓடவில்லை.

நான் சொல்ல முயன்றேன். ஆனால் எனக்குத் தெரிந்தவை சிறுவயதுச் சைகைகள். 'ஓடு', 'ஒளி', 'திருடு', 'சாப்பிடு' என்றெல்லாம் சொல்லத் தெரியும். 'அவள் வேறொருத்தியின் தகுதிச் சான்றைத் தன்னுடையது என்று காட்டி வேலை வாங்கியிருக்கிறாள்' என்பதை எப்படிச் சொல்வது? 'இவ்வளவு ஆடம்பரம் வேண்டாம் என்று மணமகள் நினைக்கிறாள். அதை வருங்காலக் கணவனிடம் சொல்லத் தயங்குகிறாள்' என்பதை எந்த விரலால் காட்டுவது? இரண்டு முறை தடுமாறினேன். மூன்றாம் முறை அவள் கேட்டபோது கையை அசைத்து, "ஒன்றுமில்லை, அப்புறம் சொல்கிறேன்" என்று காட்டிவிட்டேன்.

அந்தச் சைகை மட்டும் எனக்குத் தடுமாற்றமே இல்லாமல் வந்தது! அவ்வளவு பழக்கம் எப்படி வந்தது என்று எண்ணியபோதுதான் நெஞ்சு சுருக்கென்றது. உறவினர் கூடிப் பேசிச் சிரிக்கும்போது, அப்பா கடன் பற்றிப் பேசும்போது, நான் கல்லூரியில் சேர்ந்த செய்தியை எல்லோரும் கொண்டாடியபோது அக்கா கேட்டிருக்கிறாள்: "என்ன?" எல்லோரும் சொல்லியிருக்கிறோம்: "அப்புறம்." அந்த 'அப்புறம்' ஒருநாளும் வந்ததில்லை.

அக்கா அதற்குமேல் கேட்கவில்லை. விலங்குகள் வந்த இடங்களில் சிரித்தாள். ஓட்டலுக்குள் நுழைய டாம் மீண்டும் மீண்டும் முயன்று விழுந்தபோது வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மனிதர்கள் பேசத் தொடங்கியதும் கண்ணைத் திரையிலிருந்து எடுத்து, மடியில் கிடந்த பட்டு நூலின் சிக்கலை எடுத்துக்கொண்டிருந்தாள். படத்தின் பெரும்பகுதிக்கு அவள் சிக்கல்தான் எடுத்தாள்.

படங்கள் பேசத் தொடங்கிய நாள்

அன்றிரவு உறக்கம் வரவில்லை. திரைப்பட வரலாறு பற்றிப் படித்தது நினைவுக்கு வந்தது. 1931ஆம் ஆண்டு 'காளிதாஸ்' வெளிவந்தது. தமிழ்த் திரை பேசவும் பாடவும் தொடங்கிய ஆண்டு என்று அதைப் பெருமையோடு கூறுகிறோம். அதற்கு முந்திய ஊமைப் படங்களில் கதையை நடிப்பும் இடையிடையே காட்டிய எழுத்தும் சொல்லின. கொட்டகையில் காது கேளாதவரும் மற்றவரும் ஒரே படத்தைத்தான் பார்த்தார்கள். படம் பேசத் தொடங்கிய நாளில், கோடிக்கணக்கானோர் ஒரு செல்வத்தைப் பெற்றனர். காது கேளாத சிலர் தங்களுக்கு இருந்த செல்வத்தை இழந்தனர். பெற்றவர் கணக்கு ஏட்டில் இருக்கிறது. இழந்தவர் கணக்கை யார் எழுதினார்கள்?

நான் அந்தப் புதிய படத்தைக் குறைகூற இதை எழுதவில்லை. அது குழந்தைகளைச் சிரிக்க வைக்கும் படம். என்னையும் சிரிக்க வைத்தது. உண்மையில் நான் கோபப்பட வேண்டியது என்மீதுதான். படம் எடுத்தவர்களுக்கு என் அக்காவைத் தெரியாது. எனக்குத் தெரியுமே! பழைய படங்கள் 7 நிமிடம் பேசாமல் இருந்து எங்கள் இருவரையும் சேர்த்து வைத்தன. அந்தப் படங்கள் செய்த வேலையை நான் கற்றுக்கொண்டு தொடர்ந்திருக்க வேண்டும். நானோ ஏழாம் வகுப்பிலேயே தலையைத் திருப்பிக்கொண்டேன். பேச முடியாதவள் என்று ஊர் சொன்னது அவளை. உண்மையில் பேசத் தெரியாமல் போனவன் நான்.

அக்கா சொன்ன கதை

மறுநாள் மாலை ஒரு வேடிக்கை நடந்தது. அம்மா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். அக்கா எதிரே உட்கார்ந்து முதல்நாள் பார்த்த படத்தின் கதையை அம்மாவுக்குச் சொல்லத் தொடங்கினாள். மீசை இழுத்தாள்: டாம். காதுகளைக் குவித்தாள்: ஜெர்ரி. துதிக்கையை ஆட்டி யானைகளை வரவழைத்தாள். ஓட்டல் கூடம் நொறுங்கியதைக் காட்ட, எழுந்து ஒரு சுற்றுச் சுற்றிப் பாயில் விழுந்தாள். அம்மா முறத்தைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

"மனுஷங்க யாரும் இல்லையா படத்துல?" என்று அம்மா கேட்டாள்.

அக்கா சற்று யோசித்தாள். பிறகு இரண்டு விரல்களைத் தரையில் ஊன்றி, 'டக் டக்' என்று நடக்க வைத்தாள். இங்கிருந்து அங்கே, அங்கிருந்து இங்கே. கால்கள்! வெறும் கால்கள். அவ்வளவுதான் மனிதர்கள். புரியாத மனிதர்களை அவள் பழைய படத்தில் இருந்த இடத்திலேயே கொண்டுபோய் வைத்துவிட்டாள்.

அம்மா சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த இரண்டு விரல்களில் ஒரு விரல் நானோ என்று பட்டது.

அக்காவின் எதிரே போய் உட்கார்ந்தேன். கன்னத்தில் மீசை இழுத்து அவளை அழைத்தேன். எவ்வளவோ வருடங்களுக்குப் பின் அழைக்கிறேன். அவள் வியப்போடு பார்த்தாள். என் நோட்டுப் புத்தகத்தை எடுத்து, கெய்லா என்ற பெண்ணின் கதையை, தமிழில், பெரிய எழுத்தில் எழுதினேன். இரண்டு பக்கம் வந்தது. அக்கா எழுத்துக்கூட்டிப் படித்தாள். படித்து முடித்ததும் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் விரலை வைத்து, அதற்குரிய சைகையைக் காட்டினாள். 'பொய்.' 'வேலை.' 'திருமணம்.' 'தயக்கம்.' தயக்கத்துக்கு அவள் காட்டிய சைகையை எனக்கு நான்கு முறை திருத்தினாள். அவள் நல்ல ஆசிரியை, மாணவன்தான் மந்தம்.

விடுமுறை முடிந்து விடுதிக்குத் திரும்பும்வரை நாள்தோறும் பாடம் நடந்தது. இப்போது ஞாயிறுதோறும் கைப்பேசியில் முகம் பார்த்துப் பாடம் தொடர்கிறது. இந்தியச் சைகை மொழிக்கு அகராதி இருப்பதையும், 2021இல் அது பத்தாயிரம் சொற்களைத் தொட்டதையும் அதன் பிறகே அறிந்தேன். பத்தாயிரம்! ஏழு நிமிடப் படத்தின் சட்டங்களின் எண்ணிக்கையும் ஏறத்தாழ அதுதான். நான் இதுவரை கற்றவை இருநூறுகூட இரா. ஆனாலும் சென்ற வாரம் அக்கா, தான் நெய்த சேலைக்குக் கூலி குறைத்துக் கொடுத்ததையும், அதை எதிர்த்துத் தான் எழுதிக் காட்டி முழுக் கூலி வாங்கியதையும் சொன்னாள். முழுக் கதையும் எனக்குப் புரிந்தது. என் அக்காவுக்கு இவ்வளவு துணிச்சல் உண்டு என்பதை இருபது வயதில் தெரிந்துகொண்டேன்!

மாணவ நண்பர்களே! நம் வகுப்புகளிலும் விடுதிகளிலும் வீடுகளிலும் காது கேளாதவர் இருக்கக்கூடும். அவர்களுக்கு இரக்கம் தேவையில்லை. முகத்தைப் பார்த்துப் பேசுங்கள். தெரியாததை எழுதிக் காட்டுங்கள். முடிந்தால் நாலு சைகை கற்றுக்கொள்ளுங்கள். எல்லோரும் சிரிக்கும்போது அவர் "என்ன?" என்று கேட்டால், "அப்புறம்" என்று மட்டும் சொல்லாதீர்கள்.

சென்ற ஞாயிறு பாடம் முடிந்து கைப்பேசியை அணைக்கும் முன், அக்கா இரு கைகளையும் குவித்துக் காதுகளின் மேல் வைத்தாள். பின்னால் விடுதி நண்பர்கள் நால்வர் நின்றிருந்தார்கள். "யாருடா அது?" என்று ஒருவன் கேட்டான்.

"என் அக்கா. என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறாள்" என்றேன்.